பிறைநிலவும் உயிரணுவும்
(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

வானில் உலவும் நிலவுக்கும், ஆண்டின் பன்னிரண்டில் ஒரு பகுதிக்கும் தமிழில் ஒரே பெயர், அது திங்கள். இச்சொல்லை நமக்கு ஈந்தவர்கள் ஏட்டைப் பார்த்து அதனைப் படைத்தாரல்லர். வானைப் பார்த்துப் படைத்தனர். காருவாவில் மறைந்த நிலவு, மேற்கே மெல்லிய கீற்றாய்த் தோன்றி, வளர்ந்து, வெள்ளுவாவில் நிறைந்து, தேய்ந்து, மீண்டும் மறைய ஏறத்தாழ 29 நாளும் 12 மணியும் 44 நிமையமும் ஆகின்றன. நாள்தோறும் அஃது ஏறக்குறைய 50 நிமையம் பிந்தி எழுகின்றது. கடலின் ஓதமும் அவ்வாறே பிந்துகின்றது. காருவாவிலும் வெள்ளுவாவிலும் கதிரவனும் நிலவும் ஒரே நேர்க்கோட்டில் நின்று ஈர்ப்பதால் ஓதம் மிக உயர்கின்றது.

இச்சுழற்சி வானோடும் கடலோடும் நின்றுவிடவில்லை. அந்தியில் புளியிலை கூம்புவதைக் கண்டிருப்பீர்கள். ஒளி நீங்கியதால் கூம்பியது என்றே எவரும் எண்ணுவர். பிரஞ்சு அறிஞர் தெ மைரான் என்பார், இலை மடக்கும் செடியொன்றை இருளில் வைத்துப் பார்த்தார். கதிரொளி படாத நிலையிலும், அஃது உரிய பொழுதில் இலை விரித்தது. உரிய பொழுதில் மடித்தது. இச்செய்தி 1729-இல் வெளிவந்தது. செடிக்குள்ளேயே பொழுதறியும் அமைப்பு உண்டென்பதைப் பின்வந்தோர் உறுதிப்படுத்தினர்.

அவ்வமைப்பு உயிரணுவினுள் உள்ளது. பழ ஈயின் உயிரணுவில் மரபணு ஒன்று ஆக்குவிக்கும் புரதம், இரவில் திரள்கின்றது. திரண்டதும் தன்னை ஆக்குவித்த மரபணுவையே அடக்குகின்றது. பின்னர்ச் சிதைந்து குறைகின்றது. அடக்குவது நீங்கவே, ஆக்கம் மீண்டும் தொடங்குகின்றது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி! இதனை விளக்கிய செப்ரி ஆல், மைக்கேல் உரோசுபாசு, மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். நம் உடலின் உயிரணுக்களிலும் இத்தகைய அமைப்பே இயங்குகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. வளர்தலும் தேய்தலும் இரண்டிற்கும் ஒப்புமை; ஆயின் ஒப்புமை வேறு, கரணியம் வேறு. பிறையைக் காட்டி நல்ல நாள், கெட்ட நாள் கணிப்பவன் அறிவியல் பேசுகின்றானல்லன். நம் அச்சத்தை விற்கின்றான்.

தோழர்களே! 'வளர்பிறை' என்று தூய தமிழில் சொல்கின்றோம். இன்று எத்தனையாம் பிறை என்று கேட்டாலோ, நாட்காட்டியைத் தேடுகின்றோம்! சொல்லைக் காத்துப் பார்வையை இழந்தால், நாம் காப்பது வெறுங்கூட்டையே. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவதும் நமக்குப் பெருமையன்று. அவர்கள் பார்த்தனர், நாமும் பார்ப்பதே அவர்க்குச் செய்யும் சிறப்பு.

ஆகவே, இன்றிரவே ஒரு குறிப்பேட்டை எடுங்கள். முப்பது இரவுகள் நிலவின் வடிவையும், அது தோன்றும் நேரத்தையும் தமிழில் எழுதுங்கள். கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். முகில் மறைத்தால் 'காணவில்லை' என்றே எழுதுங்கள். தமிழ் அறிவியல் மொழியாக வேண்டும் என்று மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. அந்த முப்பது வரிகளை எழுதுங்கள். அதன் தொடக்கம் அதுவே.