போலீசாருக்கும் மனம் உண்டு

(வேப்பூரில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். "போலீசுக்காரன் நம்மை அழவைப்பவன், அவன் மனக்கஷ்டம் நமக்கென்ன?" என்பார்கள். நமக்குத்தான் என்று சொல்லவே வந்தேன்.

2023 ஜூலை 7-ஆம் தேதி கோயமுத்தூர் சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் அவர்கள் தமது உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். படிப்பும் பதவியும் அதிகாரமும் உள்ளவர். மன அழுத்தத்திற்கு வைத்தியம் பார்த்துவந்தார் என்று இலாகா மேலதிகாரிகளே சொன்னார்கள். இப்படி ஒன்று நடந்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? ஒருவர் விதி என்கிறார். ஒருவர் ஏழரைச் சனி என்கிறார். ஒருவர் கோழை என்கிறார். மூன்றும் யோசியாத பேச்சு. மூளையும் உடம்பில் ஓர் உறுப்புத்தானே? வயிறு கெட்டால் வைத்தியரிடம் போகிறவன், தூக்கம் கெட்டு வாழ்வே பாரமாகும்போது மாத்திரம் மந்திரிக்கிறவனிடம் போவானேன்? 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் நெருப்பில் வெந்து செத்தார்களே, எந்தச் சக்தி வந்து சங்கிலியை அவிழ்த்தது?

"வைத்தியம் செய்தும் டி.ஐ.ஜி. இறந்தாரே" என்பீர்களானால், காய்ச்சலுக்கு வைத்தியம் செய்தும் சிலர் சாகிறார்கள். அதற்காக ஆஸ்பத்திரியை இடிக்கிறோமா?

நம் வேப்பூர் கூட்டுரோட்டையே பாருங்கள். திருச்சி–சென்னைச் சாலையில் விபத்தென்றால் நசுங்கின பிணத்தருகே நிற்கிறவன் கான்ஸ்டேபிள். அன்றிரவே திருவிழாப் பந்தோபஸ்து; மறுநாள் மந்திரி வருகை. விருத்தாசலத்துப் பீங்கான் வேலைத் தோழர்களுக்குத் தெரியும்: சூளைக்கும் ஆற நேரம் வேண்டும், அவசரப்பட்டுத் திறந்தால் சாமான் வெடித்துப்போகும். மண்ணுக்குத் தரும் ஓய்வை மனிதனுக்குத் தரவேண்டாமா? போலீசாருக்கு வாரம் ஒருநாள் ஓய்வென்று 2021-இல் சர்க்கார் உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது, ஸ்டேஷனிலும் இருக்கவேண்டும்.

அடுத்தது சுயமரியாதை. அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டவும் காய்கறி வாங்கவும் கான்ஸ்டேபிளை ஏவும் ஆர்டர்லி முறை 1979-லேயே ஒழிக்கப்பட்டது. ஒழிந்திருந்தால் 2022-இல் சென்னை ஐக்கோர்ட்டு அதை மறுபடியும் கண்டித்திருக்குமா? மேலே உள்ளவன் மிதிக்க, அவன் தனக்குக் கீழே உள்ளவனைத் தேடுகிறான். இது நாம் அறிந்த வர்ணாசிரமப் படிக்கட்டே அல்லவா? கடைசிப் படியில் நிற்கிறவன் யார்? நாம்தான்!

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும் போலீசாரிடம் அடிபட்டு இறந்தார்கள். அந்தக் கொடுமைக்கு மன அழுத்தம் ஒருநாளும் சமாதானமாகாது. குற்றம் செய்தவன் தண்டனை அடையவேண்டும். ஆனால் ஓய்வும் மரியாதையும் கேள்விமுறையும் இல்லாத ஸ்டேஷன் ஊருக்கு ஆபத்து என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ போலீசுக்காரர் ஒருவர் தூங்காமல், பேசாமல், குடியில் விழுந்து கிடந்தால் தாயத்துக் கட்டாதீர்கள்; பரிகாசமும் செய்யாதீர்கள். அருகில் உட்கார்ந்து பேசச்சொல்லிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிபோன் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் ஆலோசனை கிடைக்கும். அது போலீசாருக்கு மாத்திரமல்ல, உங்களுக்கும் உரியது. காக்கிச் சட்டைக்குள் இருப்பவனையும் மனிதனாக நடத்துங்கள். நம்மையும் மனிதனாக நடத்தும்படி அவனைத் தலைநிமிர்ந்து கேளுங்கள்!