வலையும் குடையும் பென்சிலும்



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வித்துரா இருக்கிறது. அதைத் தாண்டினால் கல்லாறு. அதற்கப்புறம் 22 கொண்டை ஊசி வளைவுகள். அருகிலேயே பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். அப்பால் அகத்தியமலைக் காடுகள். ரப்பர் தோட்டம், ஓடைக்கரை, மழைக்காடு, உச்சியில் புல்வெளி என்று ஒரே நாளில் நாலு விதமான நிலத்தைப் பார்த்துவிடலாம். ஐசர் என்று எல்லோரும் சொல்லும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகமும் வித்துராவை ஒட்டிய மருதாமலையில்தான் இருக்கிறது. தேனீ, எறும்பு, பட்டாம்பூச்சி பற்றிய ஆராய்ச்சிகள் அங்கே நடக்கின்றன.

பூச்சிகளைத் தேடுகிறவர்களுக்கு இது கொழுத்த இடம். ஆனால் ஏற்றம் செங்குத்து; ஆண்டுக்கு இரண்டு பருவமழை; காலில் அட்டை. அடிவாரத்தில் தெரியாத எடை, மேலே ஏற ஏறத் தோளை இழுக்கும். அப்படியானால் பையில் எதை எடுத்துப் போவது, எதை வீட்டிலேயே விட்டுவிடுவது? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் கைவலை. வளையம், பை, பிடி என்று அதற்கு மூன்றே உறுப்புகள். வளையத்தின் குறுக்களவு 30 முதல் 40 சென்டிமீட்டர் போதும். பையின் நீளம் அதைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். பட்டாம்பூச்சி உள்ளே போனதும் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால், பை வளையத்தின் விளிம்பில் மடிந்து விழுந்து வாயை அடைத்துக்கொள்ள வேண்டும். பை குட்டையானால் மடியாது. பூச்சி வந்த வழியே போய்விடும். பையின் அடி கூம்பாக இருக்கக் கூடாது, உருண்டையாக இருக்க வேண்டும். கூம்பின் முனையில் சிக்கினால் சிறகு நசுங்கிவிடும்.

கொசுவலைத் துணி இதற்கு நன்றாக உழைக்கும். வளையத்தைச் சுற்றி வரும் விளிம்பில் மட்டும் காடாத்துணியைப் பட்டையாக வைத்துத் தைத்துவிடுங்கள். முதலில் கிழிவது அந்த இடம்தான். புல்லையும் செடியையும் அடித்து வாருவதற்குக் கொசுவலைத் துணி தாங்காது. அதற்கு முழுப் பையுமே காடாவில் வேண்டும். இரண்டு வலைகளைத் தூக்க வேண்டியதில்லை. வளையம் கழற்றி மாட்டும்படி இருந்தால், ஒரே பிடியில் இரண்டு பைகளையும் மாற்றிக்கொள்ளலாம். மூங்கில் பிடி மலிவு, ஆனால் பஸ்ஸில் எல்லோர் மேலும் இடிக்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் தூண்டில் கழியோ, இரண்டாகக் கழலும் அலுமினியக் குழாயோ இருந்தால் பைக்குள்ளேயே அடங்கும்.

இரண்டாவது கருவி எப்படியும் உங்கள் கையில் இருக்கும். அது குடை. மழைக்கு மட்டுமல்ல. வெளிர் நிறக் குடையைத் தலைகீழாகக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை ஒரு குச்சியால் நறுக்கென்று தட்டினால், இலைமறைவில் இருந்த வண்டும் நாவாய்ப்பூச்சியும் புழுவும் குடைக்குள் உதிரும். கறுப்புத் துணியில் பழுப்பு வண்டு தெரியாது; அதனால்தான் வெளிர் நிறம். பறக்கும்போது வலை வீசி இவற்றைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் இவை பெரும்பாலும் இலைமறைவிலேயே இருக்கும். கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பூச்சியின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டால் பாதிச் சுமை அங்கேயே குறைந்துவிடும்.

குடையில் விழுந்த பொடிப் பூச்சிகளை விரலால் எடுத்தால் நசுங்கிவிடும். அதற்கு உறிஞ்சு குழல். ஒரு சின்னக் குப்பி, மூடியில் இரண்டு துளைகள், இரண்டு வளையும் குழாய்கள். ஒன்றைப் பூச்சிக்கு நேராக வைத்து மற்றதை வாயால் உறிஞ்சினால் பூச்சி குப்பிக்குள் வந்துவிடும். வாய்ப்பக்கக் குழாயின் உள்முனையில் மெல்லிய துணியைக் கட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பூச்சி வாய்க்குத்தான் வரும். முசுறு எறும்பை உறிஞ்சினால் அது பீய்ச்சும் அமிலத்தின் நெடி தொண்டையை எரிக்கும். சாணத்திலும் அழுகலிலும் வாழும் பூச்சிகளிடமும் வாயை வைக்காதீர்கள். அங்கே வாய்க்குப் பதில் ரப்பர் பந்தை மாட்டிக்கொள்ளலாம்.

விளக்கு வைத்து அந்துப்பூச்சி பிடிக்கும் இரவு வேலைதான் முன்பெல்லாம் பெரும் சுமை. வெள்ளைத் திரை கட்டி, பாதரச ஆவி விளக்கை எரித்து, அதற்கு ஒரு ஜெனரேட்டரையும் தூக்கிப்போக வேண்டியிருந்தது. அந்துப்பூச்சிகளைப் பெரிதும் இழுப்பது நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. அதை எல்இடி விளக்கே தரும். ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் பிரேம், செல்போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்கிலேயே எரியும் பூச்சி விளக்கு ஒன்றை உருவாக்கி 2017இல் அதைப் பற்றி எழுதினார். ஜெனரேட்டர் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது என்றே சொல்லலாம். அந்த ஒளியை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆகாது. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் பூச்சி வரத்துக் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சும்மா நிறுத்திவைத்தாலே பூச்சி பிடிக்கும் கூடாரம் ஒன்றும் உண்டு. சுவீடன்காரர் ரெனே மலேஸ், தன் கூடாரத்துக்குள் வந்த பூச்சிகள் உச்சி மூலைக்கே ஏறிப்போவதைக் கவனித்தார். அந்த மூலையில் ஒரு குப்பியைப் பொருத்தியதுதான் அவருடைய பொறி. துணியும் கயிறும்தான், ஊன்று கம்புகளை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் பல நாள் தங்குகிறவர்களுக்கு உதவும். போய்விட்டு அன்றே திரும்புகிறவர்களுக்கு வேண்டாம்.

பிடித்ததைக் கொண்டுவருவதற்குக் கனமான பெட்டிகள் தேவையில்லை. பட்டாம்பூச்சிக்கு முக்கோணமாக மடித்த காகித உறை போதும். வித்துராவின் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மென்உடல் பூச்சிகளுக்கு 70 சதவீத ஆல்கஹால். மரபணுச் சோதனைக்கு என்றால் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல்.

ஆல்கஹால் குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை கரைந்துவிடும். இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர்: இந்த நாலும் இல்லாத பூச்சி ஆராய்ச்சிக்கு அனேகமாக உதவாது. காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தைச் சேர்ந்த சூசை நாதனை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியக் காடுகளில் பல பத்தாண்டுகள் பூச்சி சேகரித்து வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவர். குரும்பகரம் என்றும், ஆனைமலை சின்கோனா, 3500 அடி என்றும் அவருடைய சீட்டுகள் சொல்லும். அந்த ஒரு வரி இருப்பதால்தான் இன்றைய ஆய்வாளர்களும் அவற்றை எடுத்துப் பார்க்கிறார்கள். பல இனங்களுக்கு நாதனி என்று அவர் பெயரே நிலைத்திருக்கிறது.

இன்னொரு காகிதமும் அவசியம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலிருந்து இருக்கிறது. சரணாலயத்துக்குள் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒரு வண்டைக்கூட எடுக்க முடியாது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள இனங்களை எங்கேயும் தொடக் கூடாது. கேரளம் புத்தமயூரியையும் தமிழ்நாடு தமிழ் மறவனையும் மாநிலப் பட்டாம்பூச்சிகளாக அறிவித்திருக்கின்றன. அவற்றுக்குக் கேமரா போதும். பழகுவதற்கு உங்கள் வீட்டுக் கொல்லையே இருக்கிறது.

புறப்படும் முன் பையைத் தூக்கிப் பாருங்கள். கனத்தால் கூடாரப் பொறியை வெளியே எடுத்து வையுங்கள். இன்னும் கனத்தால் விளக்கை எடுங்கள். அதற்கப்புறமும் கனத்தால் வலையைக்கூட விட்டுவிட்டுக் குடையோடு போகலாம். பென்சில், சீட்டு, அனுமதிக் கடிதம் ஆகிய மூன்றை மட்டும் பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். அவை இல்லாமல் மற்றது எதையும் சுமந்து பயனில்லை.