மக்கள் பெருக்கமும் நில வளமும்

மக்கள் பெருகினால் உழைக்கும் கரங்களும் பெருகும் என்பர். கரங்கள் பெருகலாம், நிலம் பெருகாது. 1970-71 வேளாண்மைக் கணக்கெடுப்பில் நம் நாட்டின் சாகுபடி நில உடைமைகள் சுமார் 7.1 கோடி, 2015-16இல் 14.6 கோடி. அவற்றின் மொத்தப் பரப்போ சற்றுக் குறைந்தே போயிற்று. தந்தைக்குப் பின் மக்கள் பாகம் பிரித்துக்கொள்ள, சராசரி உடைமை 2.28 ஹெக்டேரிலிருந்து 1.08 ஹெக்டேராகச் சுருங்கிற்று. இத்துணைச் சிறிய நிலத்துக்கெனத் தனியே கிணறு வெட்டுவதும் இயந்திரம் வாங்குவதும் கட்டுபடியாகுமா?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை 2 ஆகக் குறைந்துள்ளது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் முன்பே பிறந்துவிட்டோர் இப்போதுதான் வேலை தேடி வருகின்றனர். குடும்பநலப் பிரசாரம் அவர்களுக்கு விடையாகாது. வயலுக்கு வெளியே தொழில் அமையாவிடில், அந்த 1.08 ஹெக்டேரும் மறுபடி பாகம் பிரிக்கப்படும்.