மலைச்சரிவில் தங்கும் மாழைகள்
(போடிநாயக்கனூரில் ஆற்றிய உரை)



ஏலத்தை ஏலமிடும் இவ்வூரில் நின்று, விலையைப் பேசாமல் பாசியைப் பேச வந்திருக்கின்றேன். நகைக்க வேண்டா. குழம்பிலிடும் கற்பாசியை உங்கள் இல்லத்தார் நன்கறிவர். அதற்கு வேரில்லை. காற்றும் மழையும் கொணர்வதையே உண்டு வாழும். காற்றில் நஞ்சு கலந்தால், அந்நஞ்சு அதனுடலில் சேர்ந்துகொண்டே போகும்.

ஐதராபாத்தில் அணுவாற்றல் துறை நடுவமொன்றின் வேதியல் அறிஞர்கள் இவ்வினப் பாசிகளையே அளவுகோலாகக் கொண்டனர். கோடைக்கானலில் 2001-இல் மூடப்பெற்ற வெப்பமானித் தொழிலகத்தை அடுத்த பகுதியில் அவற்றைத் திரட்டி ஆய்ந்தனர். உதகையிலும் மூணாற்றிலும் எடுத்தவற்றைவிடப் பன்மடங்கு இதள், அதாவது பாதரசம், அவற்றில் இருந்ததை 2003-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பியனுப்பப் பெற்றது. மண்ணுள் இறங்கியதை எக்கப்பல் ஏற்றிச் செல்லும்?

நம் ஏலச்சரிவில் அத்தகைய ஆலை இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால், அழுகல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோக் கலவையை எண்ணிப் பாருங்கள். நூறு இலிட்டர் நீருக்கு ஒரு கிலோ துரிசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. துரிசில் காற்பங்கு செம்பு. பூச்சிக்கொல்லிகளுட் பல நாளடைவில் சிதையும். செம்போ தனிமம், அது சிதையாது. இக்கலவை பிறந்த பிரெஞ்சு நாட்டுக் கொடிமுந்திரித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தெளித்த செம்பு மேல்மண்ணிலேயே தங்கிவிட்டது. செடிக்குச் செம்பு துளியளவு வேண்டும். மிகுந்தால் அதுவே நஞ்சு. தெளிக்கவே கூடாதென்று நான் சொல்லவில்லை. அழுகல் கண்டால் உழவன் என் செய்வான்? மண்ணை அளந்து பாராமல் ஆண்டுதோறும் தெளிப்பதையே கடிகின்றேன்.

2023-இல் சபரிமலை அரவணைக்கான ஏலத்தை ஆய்ந்து, பதினான்கு பூச்சிக்கொல்லிகள் வரம்பை மீறியிருப்பதாகக் கூறினர். கேரள உயர் நயமன்றம் விற்பனையைத் தடுத்தது. ஆறரை இலக்கத்துக்கும் மேற்பட்ட குவளைகள் முடங்கின. உச்ச நயமன்றம் 2024-இல் அவ்வாணையை விலக்கியது வேறு செய்தி. அவ்வழக்கில் ஆயப்பெற்றது உண்போர்க்கான ஏலம். விடியலில் இங்கிருந்து வண்டியேறிப் போய்த் தெளிப்பானைத் தோளில் சுமக்கின்றாரே, அவர்தம் குருதியன்று.

ஆகவே நாம் கேட்பது இதுவே. தோட்டத்து மண்ணையும், கொட்டகுடியாற்று நீரையும், தெளிப்போர் குருதியையும் ஆண்டுக்கொருமுறை அளந்திடுக! அளந்த எண்களை அவர்கள் படிக்கும் தமிழில் எழுதி, ஏலவிலை அறிவிக்கும் இடத்திலேயே தொங்கவிடுக!