79 செகண்ட் ஞாபகம்: சராசரி வேக கேமராவும் உங்க நம்பர் பிளேட்டும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் பிரைவசி பத்தி இன்னொரு எபிசோடு கேட்டிருந்தீங்க. இன்னைக்கு ஃபோனை விட்டுட்டு ரோட்டுக்குப் போவோம். ரோட்டோரம் கம்பத்து மேல உட்கார்ந்திருக்கிற ஒரு டேட்டாபேஸ் பத்திப் பேசலாம்.

சாதாரண ஸ்பீடு கேமரா எல்லாருக்கும் தெரியும். ஒரே இடத்துல, அந்த நொடியில, உங்க வேகம் என்னன்னு பார்க்கும். அது எங்க இருக்குன்னு தெரிஞ்சவர் கிட்ட வந்ததும் பிரேக் அடிப்பார், தாண்டினதும் மறுபடி மிதிப்பார். சராசரி வேக கேமராகிட்ட இந்த வித்தை பலிக்காது. சாலையில ஒரு பகுதியோட ஆரம்பத்துல ஒரு கேமரா, முடிவுல ஒரு கேமரா. தூரம் ஏற்கெனவே அளந்தது. அதை நீங்க எடுத்துக்கிட்ட நேரத்தால வகுத்தா சராசரி வேகம் வந்துடும். பள்ளிக்கூடக் கணக்குதான். நெதர்லாந்துல ராட்டர்டாம் பக்கத்துல ஏ13 மோட்டார்வேயில 2002-லயே இது வந்தாச்சு. அடுத்த வருஷம் வியன்னாவுல ஒரு சுரங்கப்பாதைக்குள்ள வெச்சாங்க.

கணக்கு எளிமைதான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு விஷயம் தலைகீழா மாறுது. பழைய கேமரா வேகமா போனவரை மட்டும் படம் எடுத்தா போதும், ஒழுங்கா போனவரைப் பத்தி அதுக்கு எந்தக் குறிப்பும் தேவையில்லை. புதுசுக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே நுழையும்போது யார் தப்பு பண்ணப்போறாங்கன்னு தெரியாதே? அதனால எல்லாரோட நம்பரையும் குறிச்சு வெச்சே ஆகணும்.

எவ்வளவு நேரத்துக்கு? இதுக்கு ஜெர்மனியில ஒரு நல்ல கேஸ் இருக்கு. ஹனோவர் நகரத்துக்குப் பக்கத்துல பி6-ன்னு ஒரு நெடுஞ்சாலை. மோட்டார்வே இல்லை, ஆனா கிட்டத்தட்ட அதே மாதிரி ஓடுற ரோடு. அங்க 2.2 கிலோமீட்டருக்கு இந்த கேமராவை 2019 ஜனவரியில ஓட விட்டாங்க. வேக வரம்பு 100. அந்த வேகத்துல 2.2 கிலோமீட்டர் போக 79 செகண்ட் ஆகும். அந்த 79 செகண்டுக்கு சிஸ்டம் உங்களை ஞாபகம் வெச்சிருக்கணும். பின்பக்கத்துல இருந்து நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும், வெளியே போற இடத்துல பொருத்திப் பார்க்கும். வேகம் சரியா இருந்தா உடனே அழிச்சிடும். மீறியிருந்தா மட்டும்தான் முன்பக்கத்துல இருந்து டிரைவர் முகத்தோட ஒரு படம்.

ஒரு இன்ஜினியரா பார்த்தா இது நல்ல டிசைன்தான். ஆனாலும் அந்த வழியா போய் வர்ற ஒரு வழக்கறிஞர் கோர்ட்டுக்குப் போனார். "நான் எந்தத் தப்பும் பண்ணலை, என் நம்பரை எந்தச் சட்டத்துல எடுக்கிறீங்க?" அவரோட வாதத்தோட சாரம் இவ்வளவுதான்.

இந்த இடத்துல டெக்னிக்கலா ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இது மாதிரி பேச்சு வந்தாலே "நம்பரை ஹாஷ் பண்ணிட்டா போச்சு"ன்னு ஒருத்தர் சொல்லுவார். போகாது. நம்ம ஊர் நம்பரையே எடுத்துக்கங்க. டிஎன் 09-க்கு அப்புறம் ரெண்டு எழுத்து, நாலு இலக்கம். அதிகபட்சம் 67 லட்சத்துச் சொச்சம்தான் வரும். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண லேப்டாப்புக்குச் சில நொடி போதும். பாஸ்வேர்டு மாதிரி யூகிக்க முடியாத விஷயம் இல்லை நம்பர் பிளேட். ரகசிய கீ சேர்த்து ஹாஷ் பண்ணி, அந்தக் கீயை அடிக்கடி மாத்தி, பழசை அழிச்சாத்தான் அதுக்கு அர்த்தம். அழிச்சாங்களான்னு வெளியில இருந்து நமக்கு எப்படித் தெரியும்? அங்கதான் கோடு முடிஞ்சு சட்டம் ஆரம்பிக்குது.

ஜெர்மனியோட அரசியலமைப்பு நீதிமன்றம் 1983-லயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்குல, தன்னைப் பத்தின தகவல் எங்க போகணும்னு முடிவு பண்ற உரிமை தனிமனுஷனுக்கு உண்டுன்னு சொன்னது. 2008-ல நம்பர் பிளேட் ஸ்கேனர் வழக்கு வந்தப்போ, பட்டியல்ல இல்லாத வண்டியோட தகவலை உடனே அழிச்சா உரிமையில தலையிட்டதா ஆகாதுன்னு சொல்லிச்சு. நாமளும் அப்படித்தானே நினைப்போம்? ஆனா 2018 டிசம்பர்ல அதே கோர்ட் தன் நிலையை மாத்திக்கிச்சு. ஒரு நொடியில அழிச்சாலும் உங்களைச் சோதிச்சது சோதிச்சதுதான், அதுக்குச் சட்ட அடிப்படை வேணும்னு சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பு வெளியான அடுத்த மாசம், 2019 மார்ச்ல, ஹனோவர் கோர்ட் கேமராவை நிறுத்தச் சொல்லிடுச்சு. தொழில்நுட்பத்துல கோளாறுன்னு இல்லை. அனுமதிக்கிற சட்டம் இல்லைன்னு.

மாநில அரசு என்ன பண்ணுச்சு? மே மாசமே போலீஸ் சட்டத்துல ஒரு பிரிவு சேர்த்துச்சு. வண்டிக்குள்ள இருக்கிறவங்க படத்துல தெரியக்கூடாது, வேகம் மீறாத வண்டியோட தகவல் உடனே தானா அழியணும், இங்க கண்காணிப்பு இருக்குன்னு வெளிப்படையா தெரியப்படுத்தணும். ஜூலையில மேல்கோர்ட் கேமராவை ஓட அனுமதிச்சது, நவம்பர்ல வழக்கறிஞர் தோத்துட்டார்.

அவர் தோத்தது வீணான்னு கேட்டா, இல்லைன்னு சொல்வேன். ஜனவரியில "அழிச்சிடுவோம்"ங்கிறது சிஸ்டத்தோட செட்டிங். ஜூலையில அது சட்டம். செட்டிங்கை ஒரு அப்டேட்ல மாத்தலாம், சட்டத்தை மாத்த சட்டசபைக்குப் போகணும்.

மாறுமான்னு சந்தேகம் இருந்தா லண்டனைப் பாருங்க. 2003-ல நகர மையத்துக்குள்ள வர்ற வண்டிக்கு நெரிசல் கட்டணம் வசூலிக்கத்தான் கேமரா வெச்சாங்க. 2007-ல பயங்கரவாதத் தடுப்புன்னு சொல்லி, தகவல் பாதுகாப்புச் சட்டத்துல இருந்து விலக்கு கொடுத்து, போலீஸுக்கு அதை நேரலையா திறந்து விட்டாங்க. காரணம் நியாயமா இருக்கலாம். ஆனா கட்டணம் கட்டினவர் அதுக்குச் சம்மதிச்சு வண்டி ஓட்டலை.

நான் இந்த கேமராக்களுக்கு எதிரி இல்லை. கேமராவுக்கு முன்னாடி திடீர்னு பிரேக் அடிக்கிறவர் பின்னாடி வண்டி ஓட்டினவங்களுக்கு இதோட அருமை தெரியும். நம்ம ஊர்லயும் ஃபாஸ்டேக் ஒவ்வொரு டோல் கேட்டுலயும் இடத்தையும் நேரத்தையும் பதிவு பண்ணுது. ரெண்டு டோலுக்கு நடுவுல அதே வகுத்தல் கணக்கைப் போட புதுசா ஒரு கேமராகூட வேண்டாம். அதனால யாராவது "வேகத்தை அளக்கிறோம்"னு வந்தா நான் முதல்ல கேட்கிறது, வேகம் மீறாத வண்டியோட தகவல் எத்தனை செகண்ட் இருக்கும், அது எந்தச் சட்டத்துல எழுதியிருக்குங்கிறதுதான்.

ஹாஷ், சால்ட், கீ இதெல்லாம் இன்னைக்கு ரொம்ப வேகமா சொல்லிட்டேன். அடுத்த எபிசோட்ல அதை மட்டும் எடுத்துக்கிட்டு நிதானமா பேசுவோம்.