மரத்தரையும் சுவரோரப் பலகையும்



கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையை அடுத்துள்ள ஊர் குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால், அம்மன்னனின் பெயரோடு இவ்வூரின் பெயரும் சேர்ந்தே வழங்கலாயிற்று. அரண்மனைக் கதையை இன்னொரு நாள் பேசலாம். இன்று உங்களை அவ்வூரிலுள்ள ஓர் எளிய வீட்டின் கூடத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியராகிய என் நண்பர், தம் சேமிப்பின் பெரும் பகுதியைச் செலவிட்டு அக்கூடத்துக்குத் தேக்குப் பலகைத் தரை அமைத்தார். அது மாசி மாதம். கண்டிப் பகுதியில் மழை குறைந்த காலம். பலகைகள் சுவரோடு சிறிதும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும் என்பது அவர் கட்டளை. தச்சர் தயங்கினார், ஆயினும் சொன்னபடியே செய்தார். ஐப்பசி மழை தொடங்கிச் சில வாரங்களில் தரையின் நடுப்பகுதி புடைத்து எழுந்தது. தச்சருக்குச் சேர வேண்டிய மீதிக் கூலியை நண்பர் நிறுத்தி வைத்தார்.

பிழை யாருடையது? வெட்டி உலர்த்திய பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குகிறது. வறண்ட காலத்தில் அதை விடுகிறது. நீளவாட்டில் மாற்றம் மிகமிகச் சிறிது. அகலவாட்டிலேதான் விரிவும் சுருக்கமும். பத்தடி அகலமுள்ள தரை, தேக்கைப் போன்ற அடக்கமான மரத்தால் ஆனதாயினும், வறட்சிக்கும் மாரிக்குமிடையே கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை அசையக்கூடும். விரிவதற்கு இடமில்லையேல் பலகை மேலே எழுவதன்றி வேறு என்ன செய்யும்?

ஆகவே நான்கு சுவர்களின் ஓரத்திலும் இடைவெளி விடுதல் வேண்டும். அதை மறைப்பதற்கே, தச்சர்கள் 'ஸ்கர்டிங்' என்று கூறும் சுவரோரப் பலகை ஏற்பட்டது. அழகு பார்த்து அதைத் தேர்ந்தெடுப்போர் பலர். முதலில் பார்க்க வேண்டியது கனம். இடைவெளி அரை அங்குலமாயின் பலகை முக்கால் அங்குலக் கனமேனும் இருத்தல் வேண்டும். அன்றேல் தரை சுருங்கும் காலத்தில் ஓரத்தில் கருங்கோடு தெரியும். பழைய வீடுகளின் சுவர்கள் நேராக இருப்பது அரிதாகையால், பலகையின் அடியிலே காலவட்டச் சட்டம் ஒன்றைச் சேர்ப்பதும் உண்டு.

பலகையைச் சுவரிலே பொருத்துங்கள். தரையோடு சேர்த்து ஆணி அறையாதீர்கள். அறைந்தால் விட்ட இடைவெளி வீணாகும். நான் ஆணியைவிடத் திருகாணியையே விரும்புவேன். ஆண்டுக்கொரு முறை கழற்றிக் கறையான் உண்டா என்று பார்க்கலாம் அல்லவா? சுவரின் ஈரம் ஏறாதபடி பலகையின் முதுகுப் புறத்துக்கும் வார்னிஷ் பூசுதல் நன்று. கண்ணுக்குத் தெரியாத பக்கந்தானே என்று அதைக் கைவிடுவோரே மிகுதி.

தரையின் மரமே ஓரத்துக்கும் வேண்டும் என்ற நியதி இல்லை. பலா தாராளமாக உதவும். புதிதில் மஞ்சளாகத் தோன்றினும் நாளடைவில் செம்பழுப்பாக மாறும். மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவானது. ஆனால் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் வழக்கத்துக்கு அது ஒவ்வாது; நனைந்து ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. பி.வி.சி. பட்டி நனைந்தாலும் கெடாது, கறையானும் தின்னாது; பார்வைக்கு இனிமை குறைவு என்பதே என் குறை. குளியலறையை ஒட்டிய ஓரத்துக்கு மட்டும் அதைத் தயங்காமல் எடுப்பேன்.

மரத்தரை சீமெந்துத் தரையைச் சந்திக்கும் வாசலில் உள்ள பட்டியையும் சீமெந்துப் பக்கத்திலேயே பிணைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நண்பருக்கு எடுத்துச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் தச்சரை அழைப்பித்தார். ஓரப் பலகைகளை எடுத்து, சுவரோரம் அறுத்து இடைவெளி விட்டதும், சில வாரங்களில் தரை பெரும்பாலும் படிந்தது. இரண்டு பலகைகளை மட்டும் மாற்ற நேர்ந்தது. மீதிக் கூலியையும் புதிய வேலைக்கான கூலியையும் நண்பர் ஒருங்கே கொடுத்தார். தச்சர் பணத்தை எண்ணாமலே மடியில் முடிந்துகொண்டு, "அடுத்த ஐப்பசி மழையில் வந்து பார்க்கிறேன், ஐயா" என்று கூறி விடைபெற்றார்.