ஓராண்டு உறங்கினால் உரிமை போகும்!

(கண்டி நகரிலே சிறு வணிகரும் கைத்தொழிலாளரும் கூடிய கூட்டத்தில், அச்சகத் தொழிலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

கொழும்பு வீதியிலும் யட்டிநுவர வீதியிலும், கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் கடை நடத்தி, பட்டறை நடத்தி, இன்று கதவை ஒரு மணி நேரம் முன்னதாகவே அடைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் தோழர்களே!

கடன் பட்டவன் கலங்குவான் என்று நம் முன்னோர் நம்பினார்கள். நல்ல காலத்து நம்பிக்கை அது! இன்று கடன் பட்டவர் காரிலே போகிறார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறார். கடன் கொடுத்தவனோ வீதியோரத்தில் நின்று, "ஐயா நம்மைக் கண்டாரோ, கண்டிருந்தால் மனம் கோணுவாரோ" என்று கூசி ஒதுங்குகிறான். கொடுத்தவன் குற்றவாளி போலவும் கொடாதவர் நீதிபதி போலவும் நடமாடுகின்ற விந்தையை நம் ஊரிலே நாள்தோறும் காண்கிறோம். அனுப்பிய சிட்டைக்குப் பதில் இல்லை. நினைவூட்டினால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். அந்த அடுத்த வாரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை!

எல்லோரும் இப்படியா என்றால், இல்லை. கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் வருகின்ற தோட்டத் தொழிலாளி, மகளின் திருமண அழைப்பிதழை என் அச்சகத்தில் அச்சிடுகிறார். கையிலே பணம் போதவில்லை. "பத்தாம் திகதி சம்பளம், முதலாளி" என்கிறார். பதினோராம் திகதி காலையில் நான் கதவைத் திறக்குமுன் அவர் வாசலில் நிற்கிறார். பேருந்துக் கட்டணம் கொடுத்து, அரை நாள் வேலையை விட்டு, மீதி 1,500 ரூபாயைத் தர வந்து நிற்கிறார். என் கணக்கேட்டில் செல்லாத கடனாய்க் கிடப்பவை இவர்களுடைய பெயர்கள் அல்ல. மாடியறையும் மின்விசிறியும் வாயிற்காவலனும் உடையவர்களின் பெயர்களே அங்கு தூங்குகின்றன.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் வெட்கப்பட்டு மூடி வைத்ததால்தான் கெட்டேன்.

2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் நடந்ததல்லவா? அதற்கு முந்திய வாரங்களில் ஒரு வேட்பாளருக்காகத் துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் அச்சிட்டேன். பெயர் வேண்டாம், பெயரைச் சொல்லிப் பழி தீர்ப்பதற்காக நான் இங்கு வரவில்லை. இரவு பகலாய் இயந்திரம் ஓடிற்று. கடதாசியைக் கொழும்பிலிருந்து கடனுக்கு எடுத்தேன். முடிவில் சிட்டை 186,000 ரூபாய். "தேர்தல் முடியட்டும்" என்றார். முடிந்தது. "சற்றுப் பொறுங்கள்" என்றார். பொறுத்தேன். பின்பு ஐயா கொழும்பில் இருக்கிறார் என்றார்கள். ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். ஒரு நாள், ஐயா இருக்கிறார், ஆனால் இல்லை என்றே சொன்னார்கள்! நானும் படியேறிப் படியிறங்கினேனேயன்றி, ஒரு வரி எழுதிக் கொடுக்கவுமில்லை, ஒரு வரி எழுதி வாங்கவுமில்லை. பெரிய மனிதரிடம் எழுத்துக் கேட்பது மரியாதையா என்று எண்ணினேன்.

2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். சிட்டையைப் புரட்டினார். திகதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஓராண்டு கடந்துவிட்டதே!" என்றார்.

ஓராண்டு! எத்தனை பேருக்குத் தெரியும் இது? காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் தலைமேல் நிற்கிறது. அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது: விற்றுக் கொடுத்த பொருளுக்கான பணம், கடைச் சிட்டை, ஏட்டுக் கடன், செய்து கொடுத்த வேலைக்கான ஊதியம், கைவினைஞர், தொழிலாளர், வேலையாட்களின் கூலி ஆகியவற்றுக்கு, கடன் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கிட வேண்டும். எழுத்தில்லாத மற்ற ஒப்பந்தங்களுக்கு மூன்று ஆண்டு. எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு. கடைக்காரனுக்கும் தச்சனுக்கும் தையற்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் மட்டும் ஓராண்டு! பொறுமை உள்ளவன் பூமியாள்வான் என்பார்கள். நம் சட்டத்தில் பொறுமை உள்ளவன் பணத்தை இழப்பான்.

அந்த ஆண்டு என்னால் மறக்க முடியாதது வேறொன்றினால். 2015 நவம்பர் 10ஆம் திகதி தீபாவளி. கடதாசிக் கடைக்காரர் கழுத்தைப் பிடித்தார். கையிருந்ததை அவருக்குக் கொடுத்தேன். என் அச்சகத்தில் 28 ஆண்டு உழைத்தவருக்குச் சம்பளம் இருபது நாள் பிந்திற்று. பண்டிகை கழிந்துதான் கொடுத்தேன். நடந்ததை எல்லாம் அவருக்கு விளக்கினேன். அவர் கோபிக்கவில்லை. "அவர் உங்களுக்குத் தரவில்லை, முதலாளி, நீங்கள் எனக்குத் தரவில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார், போய் இயந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

நண்பர்களே, அன்று எனக்கு விளங்கிற்று. மேலே ஒருவர் கொடாமல் நிறுத்தும் பணம் மேலேயே நிற்பதில்லை. படிப்படியாய் உருண்டு கீழே வருகிறது. அடியிலே நிற்பவன் தலையில் விழுகிறது.

அன்றைய கோப்பித் தோட்டம்

இந்த மலைநாட்டின் முதற்பெரும் கொடாக் கணக்கு எது தெரியுமா? அது கடைக்காரனுடையதன்று, கூலிக்காரனுடையது. கண்டியைச் சுற்றிய காட்டை வெட்டிக் கோப்பி நட்ட நாளில், மன்னாரிலிறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்த தமிழ்த் தொழிலாளிக்குக் கூலி மாதந்தோறும் கைக்கு வந்ததா? இல்லை. மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. நிலுவை இருந்தால் ஆள் ஓடமாட்டான் என்பது துரைமார் கணக்கு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்ட தொழிலாளி சிறைக்குப் போகலாம். கூலி கொடாத துரைகளில் எத்தனை பேர் வழக்கு மன்றத்தின் படியை மிதித்தார்கள்?

1869ஆம் ஆண்டிலே கோப்பி இலையில் நோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் தோட்டங்கள் முறிந்தன. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி கதவை மூடிற்று. நோட்டு வைத்திருந்தோர் பதறினர். தேசாதிபதி சேர் ஆர்தர் கோடன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்து அவர்களைக் காத்தார். நல்லது. ஆனால் முறிந்த தோட்டத்தில் பல மாதக் கூலி நின்றவனிடம் என்ன நோட்டு இருந்தது? அவன் பெயர் செக்ரோலில் இருந்தது. செக்ரோலோ துரையின் மேசையில் இருந்தது! ஈட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் தோட்டத்தைப் பற்றிக்கொண்டார்கள். கூக்குரல் எழுந்த பின்பே, அதே 1884ஆம் ஆண்டில், கூலி நிலுவையே தோட்டத்தின்மீது முதற்கடன் என்று சட்டம் வந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், மாதம் முடிந்து 60 நாளுக்குள் கூலி கொடுக்கவேண்டும் என்றது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் அதைப் பத்து நாளாக்கிற்று. அந்தப் பத்தாம் திகதியைத்தான் இன்று தோட்டத்துத் தோழர் என்னிடம் சொல்கிறார்! அறுபது பத்தாவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அதுவும் கேட்டுக் கேட்டுப் பெற்றது.

நம்மைப் போன்றோருக்கு அப்படி என்ன இருக்கிறது? வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டிலே 2ஆம் இலக்கம், 4ஆம் இலக்கம் என்று இரண்டு தனிச் சட்டங்கள் பிறந்தன. 4ஆம் இலக்கத்தின்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் ஏறாமலே ஏலம் போடலாம். இடையிடையே அரசு அதை நிறுத்திவைத்ததுண்டு; ஆயினும் ஆயுதம் ஆயுதமே. வங்கிக்கு வாள், நமக்கு 1871ஆம் ஆண்டின் மணிக்கூண்டு! இந்தியாவிலே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறு தொழிலரிடம் பொருள் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் வட்டிக்கு வட்டி. அங்கும் எல்லோரும் ஒழுங்காகத் தருகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்பவன் கையிலே ஒரு கோலாவது இருக்கிறது. அத்தகைய சட்டத்தை நாமும் கேட்கவேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், அவர்களுடைய சுவரொட்டிக் கணக்கைத் தீர்த்த கையோடு, கேட்கவேண்டும்.

தாமதம் என்றால் என்ன என்று 2022 நமக்குக் கற்பித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் ஏறத்தாழ 360. ஏப்ரல் 12ஆம் திகதி, அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப்போன காலம். பெப்ரவரியில் தரவேண்டியதை ஆகஸ்டில் தந்த வாடிக்கையாளர் ஒருவர், "சதக் கணக்கில் குறையாமல் தந்தேனே!" என்று பெருமை பேசினார். சதம் குறையவில்லை, ஐயா. அது வாங்கும் கடதாசி குறைந்துவிட்டது!

இனி நான் செய்வது

பட்டபின் நான் மாறிக்கொண்டேன். புதிய வாடிக்கையாளர் பாதிப் பணத்தை முன்னே தந்தால்தான் இயந்திரம் ஓடும். வேலையைக் கொடுக்கும் அன்றே சிட்டையும் போகிறது. "இன்ன தொகையை இன்ன திகதிக்குள் செலுத்துவேன்" என்று ஓடர்த் தாளிலேயே கையொப்பம் வாங்குகிறேன். வெறுமனே "பொருள் பெற்றேன்" என்று எழுதுவது போதாது. அது ஒப்பந்தமன்று என்று எதிர்த்தரப்பார் வாதிடுவார்கள். பணம் வராவிட்டால் இரண்டாம் வாரம் தொலைபேசி, ஒரு மாதத்தில் கடிதம், இரண்டு மாதத்தில் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம். பதிவுச் சீட்டைக் கோப்பிலே ஒட்டி வைக்கிறேன். வாய்ச்சொல்லால் "தருகிறேன்" என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. கடன் உண்டென்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், காலம் புதிதாக ஓடத் தொடங்கும். வாட்ஸ்அப்பிலே "அடுத்த மாதம் அனுப்புகிறேன்" என்று எழுதினால் அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் அத்தகைய பதிவையும் மதிக்கிறது. ஒன்பதாம் மாதம் பிறந்தால் சட்டத்தரணியைப் பார்க்கிறேன். பன்னிரண்டாம் மாதத்தை ஒருநாளும் எதிர்பார்ப்பதில்லை.

சிறிய தொகையானால் நேரே நீதிமன்றம் போக இயலாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். போங்கள். செலவு சொற்பம். நம் வாசலுக்கு வராதவர்கள் சபையின் அழைப்புக்கு வருவதை நான் கண்டிருக்கிறேன். ஊரார் முன்னிலையில் "கொடுக்கமாட்டேன்" என்று சொல்ல நாக்கு எழாது.

இன்னொன்று. நம் கணக்கேடு தமிழில்; கண்டி நீதிமன்றத்தின் அலுவல் சிங்களத்தில். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பெயர்த்துத் தரும்போது, "ராசு அண்ணன் பாக்கி" என்று எழுதியிருந்தால் அவர் என்ன செய்வார்? முழுப் பெயர், முகவரி, பொருள், தொகை, திகதி, ஐந்தும் வேண்டும். சிட்டையை வாங்குபவர் படிக்கும் மொழியிலும் அச்சிடுங்கள். இது மொழியை விட்டுக்கொடுப்பதன்று. "எனக்கு விளங்கவில்லை" என்ற சாக்கை அவரிடமிருந்து பறிப்பது.

இவ்வளவும் செய்தால் வாடிக்கை போய்விடாதா என்று முன் வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது கேட்கிறது. இரண்டு பேர் போனார்கள், ஐயா. அந்த இருவரும் ஏற்கெனவே எனக்குப் பணம் தராதவர்கள்! அவர்கள் இப்போது அடுத்த வீதி அச்சகத்துக்குப் போகிறார்கள். அந்த அச்சகத்தார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவர் என்னோடு சற்றுப் பேசட்டும்.

186,000 ரூபாய் வரவில்லை, இனி வரப்போவதுமில்லை. அந்தச் சிட்டையைக் கண்ணாடிச் சட்டமிட்டு அச்சகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். மறு ஆண்டு முதல் தொழிலாளர் சம்பளத்துக்கென்று தனிக் கணக்கொன்றை வங்கியிலே திறந்தேன். எவர் தந்தாலும் தராவிட்டாலும், முதல் வரவு அதில்தான் விழுகிறது. அந்தத் தோழர் ஓய்வு பெற்றுப் போகும் நாள்வரை அவர் சம்பளம் மறுபடி பிந்தவில்லை.

வாசலருகே மேசையில் ஒரு கட்டுத் தாள் வைத்திருக்கிறேன். ஓடர்ப் படிவம் ஒன்று, கடனை ஏற்றுக்கொள்ளும் படிவம் ஒன்று, கோரிக்கைக் கடிதத்தின் மாதிரி ஒன்று. மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் உள்ளன. உங்கள் சட்டத்தரணியிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆளுக்கொரு கட்டு எடுத்துச் செல்லலாம். இதற்கு மட்டும் நான் சிட்டை அனுப்பமாட்டேன்.